பூச்செடியில் பூச்சி: எது தெரிந்தால் என்ன செய்வது

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் 14 வீடு, அதில் 11 வீட்டு வாசலில் செம்பருத்தி நிற்கிறது. பங்குனி பிறந்து வெயில் ஏறினதும் எதிர்வீட்டு ஆச்சி வாசலில் நின்றபடியே குரல் கொடுப்பார்கள்: "ஏட்டி, இங்க வந்து பாரு, செடி பூராவும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரில்லா இருக்கு." ஆச்சி வீட்டை முடித்தால் பக்கத்து மதினி வீட்டு ரோஜா, அதை முடித்தால் பிச்சிக்கொடி வைத்திருக்கும் மூலைவீட்டு அண்ணாச்சி. ஏழு வருஷமாக இதே கதை. ஒரே கேள்விக்கு ஒரே பதிலை எத்தனை தடவைதான் சொல்வது, அதனால் செடியில் என்ன தெரிகிறதோ அதை வைத்துத் தேடிக்கொள்கிற மாதிரி எழுதியிருக்கிறேன். காசில்லாத வேலை முதலில், செலவு வைப்பது கடைசியில்.

தேவையானவை: செல்போன் டார்ச், ஒரு வெள்ளைத் தாள், பழைய டூத் பிரஷ், ஒரு ஸ்பிரே பாட்டில். செடியைப் பார்க்க வேண்டியது காலை ஆறு மணிக்கும் ராத்திரி எட்டு மணிக்கும். மத்தியானம் பார்த்தால் பாதிப் பூச்சி ஒளிந்திருக்கும். இலையின் மேல்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்லையே" என்று சொல்லாதீர்கள், எல்லாம் அடிப்பக்கத்தில்தான் குடியிருக்கும்.

கீழே திரும்பத் திரும்ப இரண்டு கரைசல் வரும். சோப்புத் தண்ணீர் என்றால் லிட்டருக்கு 5 மில்லி காதி சோப்புக் கரைசல்; துணி துவைக்கும் பவுடர் இலையைக் கருக்கிவிடும், அது ஆகாது. வேப்பெண்ணெய்க் கரைசல் என்றால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், 2 மில்லி சோப்புக் கரைசல். எண்ணெயையும் சோப்பையும் முதலில் குழைத்து, அப்புறம் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஆட்டினால் பால் மாதிரி வரும். எண்ணெய் மேலே மிதந்தால் அதைத் தெளிக்க வேண்டாம், இலை வெந்துபோகும். உப்பு ஏறின போர் தண்ணீரில் சோப்பு திரிந்துவிடும், ஆற்றுத் தண்ணீர் வரும் குழாயில் பிடியுங்கள். தெளிப்பது சாயந்திரம் ஐந்து மணிக்கு மேல். எதுவானாலும் முதலில் ஒரு கிளையில் தெளித்து இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள்.

செம்பருத்தியில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு

மாவுப்பூச்சி. எனக்கு வரும் கூப்பாட்டில் பெரும்பாதி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

*எறும்பு ஏறுகிறதா?* பூச்சியை விட்டுவிட்டு முதலில் தண்டின் அடியைப் பாருங்கள். எறும்புச் சாரை ஏறிக்கொண்டிருந்தால், அதை நிறுத்தாமல் நீங்கள் மேலே என்ன தெளித்தாலும் பத்து நாளில் பழைய கதைதான். மாவுப்பூச்சி செடியின் சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பாக ஒரு நீரை விடும், எறும்பு அதைக் குடிக்க வரும், குடித்த நன்றிக்கு மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டையும் குளவியையும் விரட்டிக் காவல் காக்கும். ஆகவே தண்டில் பிளாஸ்டிக் டேப் சுற்றி, அதன்மேல் விளக்கெண்ணெயும் வாசலினும் கலந்து பூசுங்கள். பட்டைமேல் நேரடியாகப் பூச வேண்டாம். பக்கத்துச் சுவரிலோ கொடிக்கயிற்றிலோ கிளை தொட்டுக்கொண்டிருந்தால் எறும்பு அந்தப் பாலத்தில் வந்துவிடும், அதையும் வெட்டி விடுங்கள். ஆச்சி வீட்டில் மூன்று வாரம் எனக்குத் தண்ணி காட்டியது துணி காயப்போடும் கயிறுதான்.

*வெள்ளையாக இருப்பது நகர்கிறதா?* இதைக் கட்டாயம் பாருங்கள். டார்ச் அடித்து ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தால், மாவுக்கூட்டத்துக்கு நடுவில் ஒன்றிரண்டு மட்டும் பெரிதாக, உடம்பெல்லாம் மெழுகு நூல் தொங்க, சடை பிடித்த குட்டி நாய் மாதிரி விறுவிறுவென்று நடக்கும். அது மாவுப்பூச்சி இல்லை, மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழு. முதல் வருஷம் இது தெரியாமல் "பெரிய மாவுப்பூச்சி" என்று இருபதை பிரஷால் தேய்த்துக் கொன்றேன், இப்போது நினைத்தாலும் கை கூசுகிறது. ஒரு கிளையில் இப்படி நாலைந்து நடமாடினால் அந்தக் கிளையில் எதுவும் தெளிக்காமல் ஒரு வாரம் விட்டுப் பாருங்கள்.

*நகரவில்லை, கொஞ்சம்தான் இருக்கிறது என்றால்* குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள். ஒட்டிக்கொண்டிருப்பதை டூத் பிரஷைச் சோப்புத் தண்ணீரில் முக்கித் தேயுங்கள். கணுவிடுக்கில்தான் முட்டைப்பை இருக்கும், பஞ்சுக்குள் பொடிப்பொடியாக முட்டை. எந்தக் கரைசலும் முட்டைக்குள் போகாது, அதனால்தான் ஏழு நாளுக்கு ஒருமுறை, மூன்று முறை செய்ய வேண்டும் என்பது. ஒருமுறை செய்துவிட்டுக் கேட்கவில்லை என்று சொல்பவர்களிடம் நான் அடுத்த பேச்சே பேசுவதில்லை.

*நுனி இலை மூடிய கைப்பிடி மாதிரி சுருண்டு கொத்தாகிவிட்டது என்றால்* மருந்து உள்ளே போகாது. சுருளுக்குக் கீழே ஒரு சாண் விட்டு வெட்டி, கவரில் கட்டி வெயிலில் போடுங்கள். தெருவோரம் எறிந்தால் அடுத்த காற்றில் திரும்பி வீட்டுக்கே வரும். நம்மூர் ஆனி ஆடிக் காற்றுக்கு மாவுப்பூச்சிக் குஞ்சைத் தூக்குவது பெரிய காரியமில்லை.

*அப்படியும் அடங்கவில்லையா?* வேப்பெண்ணெய்க் கரைசல், ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறை. ஆனியில் வேப்பமுத்து பொறுக்கி வைத்திருந்தால் இன்னும் நல்லது: பருப்பை இடித்து லிட்டருக்கு 50 கிராம் ராத்திரி ஊறவைத்து, காலையில் துணியில் வடித்து, கொஞ்சம் சோப்பு சேர்த்து அன்றைக்கே தெளித்துவிட வேண்டும். அதற்கு மேல் என்றால் வெர்டிசீலியம் என்ற பூஞ்சணப் பொடி கடையில் கிடைக்கும், ஆனால் காற்றில் ஈரம் இருந்தால்தான் அது வேலை செய்யும், சித்திரை வெயிலில் வாங்குவது காசைக் கரைப்பது.

உரக்கடைப் பாட்டிலுக்கு நான் அவசரப்படாததற்குக் காரணம் இருக்கிறது. பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோயம்புத்தூரில் முதலில் தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று எல்லாவற்றையும் வெளுப்பாக்கியது. எத்தனை மருந்தடித்தும் ஓயாதது, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. கடுகை விடச் சின்னக் குளவி. நாம் கடுமையான மருந்தடித்தால் முதலில் சாவது அதுதான்.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது:* தண்டின் அடியிலும் மண்ணுக்குக் கீழே வேரிலும் வெள்ளை படிந்து, மூன்று சுற்றுக்குப் பிறகும் புதுத் தளிர் வராவிட்டால். தொட்டிச் செடி என்றால் ஆளைக் கூப்பிடுவதற்குப் பதில் பிடுங்கி அழித்துவிட்டுப் புதுக் குச்சி வையுங்கள், செம்பருத்திக்குப் பஞ்சமா என்ன.

பஞ்சு எதுவும் இல்லை, ஆனால் செம்பருத்தி மொட்டு விரியாமலே உதிர்கிறது

தொட்டி காய்ந்து நனைந்து மறுபடி காய்ந்தால் மொட்டு கொட்டும். இடம் மாற்றினாலும் கொட்டும். இரண்டும் இல்லை என்றால் உதிர்ந்த மொட்டை நகத்தால் கீறிப் பிளந்து பாருங்கள். உள்ளே மயிரிழை மாதிரி வெள்ளை மஞ்சளாகப் புழு நெளிந்தால் அது மொட்டு ஈ. அடுத்த தலைப்பில் மல்லிக்குச் சொல்லும் வைத்தியமேதான், ஏனென்றால் அதே ஈதான்.

மல்லி மொட்டு ஊதா நிறமாகி நின்றுவிடுகிறது

பூக்காரம்மா முகம் சுளிக்கிற மொட்டு இது. மல்லி, பிச்சி இரண்டிலும் வரும். பத்து மொட்டைப் பறித்து வெள்ளைத் தாளில் பரப்புங்கள்.

*மொட்டில் ஓட்டை இருக்கிறது, இரண்டு மூன்று மொட்டு நூலால் ஒட்டியிருக்கிறது:* மொட்டுப்புழு. பச்சையாக ஒல்லியாக இருக்கும், ஒரு மொட்டைக் குடைந்து முடித்ததும் பக்கத்து மொட்டுக்குப் போகும். ஒட்டின கொத்தைக் கையால் கிள்ளி எடுத்துவிடுங்கள், ஒரு கொடிக்குப் பத்து நிமிஷ வேலை. வேப்பமுத்துக் கரைசலைப் பிஞ்சு மொட்டு வரும்போதே தெளித்தால்தான் பிரயோஜனம், புழு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு தெளித்தால் வெளியே மணம் மட்டும்தான். பி.டி. என்று விற்கிற பாக்டீரியா மருந்துக்கும் இதே கணக்கு, புழு அதைத் தின்றால்தான் சாகும்.

*ஓட்டை இல்லை, மொட்டின் அடி வீங்கியிருக்கிறது, காம்போடு காய்கிறது:* மொட்டு ஈ. இதன் புழு வளர்ந்ததும் மண்ணில் விழுந்து அங்கேதான் கூட்டுப்புழு ஆகும். கொடியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு மண்ணைப் பாருங்கள். உதிர்ந்த மொட்டைத் தினமும் பெருக்கி எடுக்க வேண்டும், வாரம் ஒருமுறை மேல்மண்ணை இரண்டு விரல் ஆழம் கொத்திவிட வேண்டும், ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு போட வேண்டும். மூலைவீட்டு அண்ணாச்சி கொடிக்கடியில் உதிர்ந்த மொட்டையெல்லாம் "உரமாகட்டும்" என்று அங்கேயே குவித்து வைத்திருந்தார். உரம் ஆகவில்லை, ஈ ஆனது.

இரண்டுக்கும் பொது: கொடி அடர்ந்து உள்ளே வெளிச்சம் போகாமல் இருந்தால் எதுவும் கேட்காது. மல்லியைக் கார்த்திகையிலும் பிச்சியை மார்கழியிலும் கவாத்து செய்யுங்கள். மல்லி என்றால் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடலாம், மனசு கேட்காது, ஆனாலும் வெட்டுங்கள்.

விற்பனைக்குப் பத்து சென்ட், இருபது சென்ட் போட்டவர்கள் மொட்டில் பாதி போகும்வரை காத்திருக்காமல் தோட்டக்கலை அலுவலரைக் கூப்பிடுங்கள்.

ரோஜா மொட்டு கருகி, இதழ் ஓரம் எரிந்த மாதிரி, இலை சுருள்கிறது

மொட்டை வெள்ளைத் தாளின்மேல் இரண்டு தட்டு தட்டுங்கள். கமாவை விடச் சின்னதாக, மஞ்சள் பழுப்பு நிறத்தில் கோடு கோடாக ஓடினால் இலைப்பேன். எதுவும் விழவில்லை என்றால் வெயில் கருக்கலாகத்தான் இருக்கும், மத்தியான நிழல் கொடுத்துப் பாருங்கள்.

இலைப்பேனுக்கு: கருகின மொட்டைப் பறித்து அழிப்பது, காலையில் இலையை நன்றாகக் கழுவுவது, நீல நிற ஒட்டுப்பொறி தொங்கவிடுவது. மஞ்சள் அட்டை வெள்ளை ஈக்கும் அசுவினிக்கும், நீலம் இலைப்பேனுக்கு. காசு கொடுத்து வாங்க வேண்டாம், நீலப் பிளாஸ்டிக் வாளி மூடியில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் போதும். வேப்பெண்ணெய் வாரம் ஒருமுறை. ஐப்பசி மழை இரண்டு நாள் நின்று பெய்தால் இதெல்லாம் தானாகக் குறைந்துவிடும்.

*தளிர் நுனியில் பச்சையாகவோ கறுப்பாகவோ கூட்டம் கூட்டமாக:* அசுவினி. மார்கழி, தை பனியில் வரும். தண்ணீரைப் பீய்ச்சினால் பாதி போகும், மீதிக்குச் சோப்புத் தண்ணீர். அரளியில் மஞ்சளாக மொய்ப்பதும் அசுவினிதான், அரளி அதற்கெல்லாம் சாகாது, விட்டுவிடலாம்.

*இலை பொலிவில்லாமல் வெளிறி, புள்ளி புள்ளியாக, அடியில் மெல்லிய நூலாம்படை:* இது பூச்சியே இல்லை, சிவப்புச் சிலந்தி, உண்ணி வகையறா. பூச்சி மருந்து இதற்குக் கேட்காது, கேட்காதது மட்டுமில்லை, கூடிப்போகும். எங்கள் மதினி ஒரு உரக்கடையில் "ரோஜா வெளிறுது" என்று சொல்லி அவர்கள் கொடுத்த பாட்டிலை வாங்கி அடித்தாள். லேபிளில் சிவப்பு முக்கோணம், அதாவது மிகக் கொடிய விஷம். ராத்திரி முழுக்க அவளுக்குத் தலைவலி, மறுநாள் ஒரு தேனீ கூட வரவில்லை, இரண்டு வாரத்தில் செடியே வலைக்குள் இருந்தது. சிலந்தியைத் தின்னும் நல்ல பூச்சிகள்தான் செத்தன, சிலந்தி கல்யாணம் கட்டிப் பிள்ளை பெற்றது. செய்ய வேண்டியது, மூன்று நாளுக்கு ஒருமுறை இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீர் பீய்ச்சுவது, மோசமான இலையைக் கிள்ளுவது. அப்படியும் போகாவிட்டால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். கடும் வெயில் நாளில் வேண்டாம், வேப்பெண்ணெய் தெளித்து இரண்டு வாரத்துக்குள்ளும் வேண்டாம், இலை கருகிவிடும்.

*தண்டில் வெள்ளையாக, பழுப்பாகச் செதில் ஒட்டியிருக்கிறது:* செதில்பூச்சி. பிரஷ், சோப்பு. தண்டு முழுக்க மூடிவிட்டால் அந்தக் கிளையை வெட்டுங்கள்.

இலையெல்லாம் மை பூசின மாதிரி கறுப்பு

கறுப்பைத் துடைக்காதீர்கள், தலையைத் தூக்கி மேலே பாருங்கள். அந்தச் செடிக்கு மேல் தென்னை இருக்கிறதா? கொய்யா இருக்கிறதா? தென்னை ஓலையின் அடியில் வெள்ளைச் சுருள் சுருளாகக் கோலம் போட்ட மாதிரி இருந்தால் சுருள் வெள்ளை ஈ. தமிழ்நாட்டில் 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்டது, இப்போது தாமிரபரணிக் கரையிலும் தென்னை இருக்கிற இடமெல்லாம் இருக்கிறது. அது மேலேயிருந்து சொட்டும் பிசுபிசுப்பில்தான் கீழே உள்ள இட்லிப்பூவிலும் நந்தியாவட்டையிலும் கரும்பூசணம் படர்கிறது. உங்கள் பூச்செடிமேல் தப்பே இல்லை. காரில் கூட ஒட்டும்.

மேலே எதுவும் இல்லை என்றால் அதே செடியில் மாவுப்பூச்சியோ செதிலோ அசுவினியோ இருக்கிறது; மாவுப்பூச்சி என்றால் முதல் தலைப்புக்கும், மற்ற இரண்டுக்கும் ரோஜாத் தலைப்புக்கும் போங்கள்.

கறுப்பை எடுக்க: மைதா 25 கிராமைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, ஒரு லிட்டராக்கி ஆறவைத்துத் தெளித்தால், வெயிலில் காய்ந்து பொரிந்து அப்பளம் மாதிரி கறுப்போடு உதிர்ந்துவிடும். பார்க்கவே நன்றாக இருக்கும். தென்னைக்கு, கைக்கு எட்டுகிற உயரமென்றால் தண்ணீரை ஓலையின் அடியில் பீய்ச்சலாம்; மஞ்சள் பாலித்தீனில் விளக்கெண்ணெய் தடவி மரத்தில் ஆளுயரத்தில் கட்டலாம். உயர்ந்த மரத்துக்கு மருந்தடிக்க யாரையும் ஏற்ற வேண்டாம், தோட்டக்கலை அலுவலகத்தில் ஒட்டுண்ணிக் குளவி பற்றிக் கேளுங்கள்.

நேற்று இருந்த இலை இன்றைக்குக் காணோம்

சுவர் எட்டின ஆட்டை முதலில் கழியுங்கள், சிரிக்காதீர்கள், இரண்டு தடவை எனக்கு அப்படித்தான் முடிந்தது. ஆடு கிளையோடு இழுக்கும், பூச்சி காம்பை மிச்சம் வைக்கும்.

*இலை ஓரத்தில் காம்பஸ் வைத்து வெட்டின மாதிரி வட்டம், அரைவட்டம்:* இலைவெட்டித் தேனீ. கூட்டுக்கு எடுத்துப்போகிறது, தின்னவில்லை. ரோஜாவுக்கு ஒன்றும் ஆகாது. சும்மா விடுங்கள்.

*நந்தியாவட்டை, அரளியில் தரையில் கறுப்பாகப் புழுக்கை:* விழுந்த இடத்துக்கு நேர் மேலே தேடுங்கள். விரல் தடிமனில் பச்சைப் புழு, வாலில் கொம்பு, கழுத்துப் பக்கம் இரண்டு நீலக்கண். முறைக்கிற மாதிரி இருக்கும், ஒன்றும் செய்யாது. ஒரு செடியில் ஐந்தாறுதான் இருக்கும், குச்சியால் எடுத்துவிட்டால் தீர்ந்தது. அரளிப் பால் விஷம், கையைக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள்.

*ரோஜா இலை ராத்திரியில் சல்லடையாகிறது, பகலில் யாரும் இல்லை:* கோடை மழை பெய்த மறுநாளிலிருந்து இது ஆரம்பித்தால் பழுப்பு வண்டு. ஏழரை மணிக்கு டார்ச்சோடு போங்கள், ரோஜாவிலும் பக்கத்து வேம்பிலும் உட்கார்ந்திருக்கும். கிளையை உலுக்கினால் பொலபொலவென்று விழும், சோப்புத் தண்ணீர் வாளியில் பிடித்துவிடலாம். நாலைந்து ராத்திரி செய்தால் போதும். இப்போது விட்டால் அது மண்ணில் முட்டையிடும், அதன் புழுதான் அடுத்த தலைப்பு.

தண்ணீர் ஊற்றியும் செடி வாடுகிறது

விரலை மண்ணுக்குள் விடுங்கள். சேறாக இருந்தால் வேர் அழுகல், தண்ணீரை நிறுத்துங்கள், பூச்சி இல்லை. ஈரம் சரியாக இருந்தும் வாடினால் தண்டைப் பிடித்து லேசாக இழுங்கள். கையோடு வந்துவிட்டால் வேரை எதுவோ தின்றிருக்கிறது. மண்ணைக் கொட்டிப் பாருங்கள். வெள்ளையாக, கொழுத்து, அரைவட்டமாகச் சுருண்டு கிடப்பது வேர்ப்புழு. பெரும்பாலும் மட்காத சாணத்தோடு வீட்டுக்கு வந்த விருந்தாளி. பொறுக்கி எடுத்து, மண்ணை இரண்டு நாள் வெயிலில் காயப்போட்டு, நன்றாக மட்கிய உரத்தில் மெட்டாரைசியம் என்ற பூஞ்சணப் பொடியைக் கலந்து திரும்ப நிரப்புங்கள். பெரிய நிலமென்றால் இது கையால் தீராது.

தண்டில் மண் பூச்சு ஏறியிருந்தால் கறையான். செம்மண் நிலத்தில் இது சகஜம். பூச்சைத் தட்டிவிட்டு, அடியில் கிடக்கும் காய்ந்த குச்சி, தேங்காய் மட்டையை எல்லாம் அப்புறப்படுத்தி, வேப்பம் புண்ணாக்கு போடுங்கள். ஆனால் அந்த மண் கோடு செடியிலிருந்து வீட்டுச் சுவருக்கோ நிலைக்கோ போகிறதா என்று பாருங்கள். போனால் அன்றைக்கே கறையான் மருந்தடிக்கும் ஆளைக் கூப்பிட்டுவிடுங்கள்.

கடைக்குப் போவதற்கு முன்

இந்தப் பூ தலையில் வைப்பது, சாமிக்குப் போடுவது, செம்பருத்தி என்றால் எண்ணெயில் காய்ச்சுவது. லேபிள் முக்கோணத்தைப் பாருங்கள்: சிவப்பு மிகக் கொடிய விஷம், அடுத்து மஞ்சள், அப்புறம் நீலம், பச்சை. வீட்டுப் பூவுக்குச் சிவப்பும் மஞ்சளும் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வேண்டாம். யாராவது தெரியாமல் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு நேரே ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி.

என்ன பூச்சி என்றே பிடிபடாவிட்டால் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகம், இல்லாவிட்டால் வல்லநாடு பக்கம் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி. போனில் என்றால் கிசான் கால் சென்டர், 1800-180-1551, தமிழில் பேசுவார்கள். நேரில் போகும்போது இலை ஒன்றைப் பறித்துக்கொண்டு போகாமல், பூச்சி இருக்கும் கிளையை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, காய்ந்த தாளில் சுற்றி, கவரில் போட்டு வாயை இரண்டு முடிச்சாகக் கட்டுங்கள். நான் ஒரு முடிச்சுப் போட்டு பஸ்ஸில் போய், இறங்கும்போது பார்த்தால் பையில் வைத்திருந்த குடையின் மடிப்பெல்லாம் மாவுப்பூச்சி.